கடன் செயலிக்கு மைக், கேமரா எதற்கு? புகார் எழுத உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் என் பெரியம்மா, கடன் செயலி ஒன்றில் ஆதார் சரிபார்ப்புக்காகக் கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்திருந்தார். கடன் கிடைத்த பிறகும், தவணைக் கணக்கைப் பார்க்கச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரிகிறது; ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ இயங்குவதற்கான அடையாளம் அது. அனுமதியை நீக்கினால் செயலி உள்ளே விடுவதில்லை. வாடிக்கையாளராகச் சேர்க்கும் தேவைக்காக, வெளிப்படையான ஒப்புதலுடன் ஒருமுறை மட்டுமே இவற்றை அணுகலாம் என்று ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் கூறுகின்றன. ஒரே அறையில் பெண்பிள்ளைகளோடு வாழும் வீடு என்பதால், இதை அலட்சியமாக விட எனக்கு மனம் வரவில்லை. எந்தச் செயலி எப்போது மைக்கை எடுத்தது என்று காட்டும் தனியுரிமைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும், அவர் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக்கும் இத்தகைய புகாரை எழுதிய அனுபவம் வேலூர்ப் பக்கத்தில் யாருக்காவது இருந்தால், கடிதத்தை எப்படி அமைத்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.