சிங்கப்பூர் ஸ்லிங்: செர்ரி பிராண்டி என்றால் எந்த பாட்டில்?

கேள்வி:
நேற்றுதான் முதல் தடவையாக சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெயிலைக் கலந்தேன். குறிப்பில் இருந்தது: ஜின் 30 மி.லி., செர்ரி பிராண்டி 15, கொயன்ட்ரோவும் (ஆரஞ்சு மணமுள்ள மது) பெனடிக்டினும் (மூலிகை மது) தலா 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் (மாதுளை சிரப்) 10, கொஞ்சம் அங்கோஸ்டுரா (கசப்புச் சொட்டு). செர்ரியில் வடித்த பிராண்டிதானே என்று நினைத்து, வீட்டில் இருந்த கிர்ஷை ஊற்றிவிட்டேன். நிறம் வெளிறிப்போய், இனிப்பும் குறைந்து, தொண்டை எரிந்ததுதான் மிச்சம். தப்பு யார் மேல்?

பதில் 1:
பாதித் தப்பு குறிப்பு எழுதியவர் மேல். செர்ரியை நொதிக்கவைத்து வடித்தால் வருவது கிர்ஷ். அதற்கு நிறமும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது, சுமார் 40 சதவீதம் ஆல்கஹால். ஆனால் காக்டெயில் குறிப்புகளில் செர்ரி பிராண்டி என்று வந்தால் பெரும்பாலும் சிவப்பாக, இனிப்பாக இருக்கும் லிக்யூரைத்தான், அதாவது சர்க்கரையும் வாசனையும் சேர்த்த மதுவைத்தான் சொல்கிறார்கள். டென்மார்க்கின் ஹீரிங் அந்த ரகம், 24 சதவீதம்தான். ஏப்ரிகாட் பிராண்டியிலும் இதே வம்பு உண்டு.

பதில் 2:
பெயரை நம்பினால் கதை முடிந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, லிக்யூர் என்று லேபிள் ஒட்ட குறைந்தது 15 சதவீத ஆல்கஹால் வேண்டும், பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் வேண்டும். ‘க்ரெம் த’ என்று தொடங்கினால் சர்க்கரை 250 கிராம், க்ரெம் த காசிஸ் (கறுப்புத் திராட்சை வத்தல் போன்ற பிளாக்கரன்ட் பழ லிக்யூர்) என்றால் 400. க்ரெம் என்றால் பாலாடை என்று அர்த்தம்தான், ஆனால் இதில் பாலாடை எங்கேயும் இல்லை, பாலாடை சேர்ப்பது பெய்லிஸ் மாதிரி வேறு வகை. நம்ம ஊரில் இன்னொரு தொல்லை, லிக்கரையும் (பொதுவாக எந்த மதுவும்) லிக்யூரையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள், அப்புறம் கடைக்காரர் விஸ்கியை எடுத்து நீட்டுவார்!

பதில் 3:
ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் டோங் பூன் 1915-ல் கலந்தது என்பார்கள், ஆனால் முதல் குறிப்பு எது என்பதிலேயே இன்னும் சண்டை தீரவில்லை. அதனால் 7.5 மி.லி. கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. பாட்டில் மாறினால்தான் பானமே மாறிப்போகிறது.

கேட்டவர்:
சரி, புரிந்தது. வீட்டில் மராஸ்கினோ இருக்கிறது, அதுவும் செர்ரி லிக்யூர்தானே, ஊற்றலாமா?

பதில் 1:
லிக்யூர்தான், இனிப்பும் உண்டு, ஆனால் அதுவும் நிறமில்லாததுதான், செர்ரிக் கொட்டையின் வாசனை தூக்கலாக அடிக்கும். அதை ஏவியேஷன் என்ற காக்டெயில் கலக்க வைத்துக்கொள்ளுங்கள், இதற்குச் சிவப்பு பாட்டிலே வாங்குங்கள்.