கல்லூரி இலவசம்தானே, பிறகு எதற்குப் போராட்டம்?

தறிக்காரர், குடியாத்தம்:
வணக்கம். நான் லுங்கித் தறி நெய்கிறவன். மகள் வேலூர் பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. போன வாரம் பிள்ளைகள் எல்லாம் கல்லூரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், இவளும் இரண்டாவது வரிசையில். பக்கத்துத் தறிக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டோவைக் காட்டித்தான் எனக்கே தெரியும்.

அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணத்தை 2007-லேயே எடுத்துவிட்டார்கள். பஸ் பாஸ் இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் அரசின் புதுமைப்பெண் திட்டப் பணம் மாதம் 1,000 வருகிறது. இதற்கு மேலும் 'இலவசக் கல்வி கொடு' என்றால் எப்படி? கேட்டால், "ஃபீஸ் சலானைப் படிச்சுப் பாருப்பா" என்கிறாள். படித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ் கேஸ் கீஸ் என்று வந்துவிடுமோ என்றுதான் பயம்.

ஓய்வுபெற்ற கிளார்க், காட்பாடி:
அண்ணே, முப்பது வருஷம் கல்லூரி ஆபீஸில் சலான் கிழித்துக் கொடுத்தவன் நான். உங்கள் பெண் சொன்னது சரி. 'கல்விக் கட்டணம்' என்ற வரிக்கு எதிரே மட்டும்தான் ஒன்றும் இருக்காது. அதற்குக் கீழே பாருங்கள்: சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மதிப்பெண் பட்டியல் கட்டணம். தேர்வுக்குப் பேப்பர் கணக்கில் வாங்குவார்கள். அரியர் வைத்த பிள்ளைக்கு இன்னும் ஏறும். பெரும்பாலும் யார் அரியர் வைக்கிறார்கள்? காலையில் வீடு வீடாக நியூஸ் பேப்பர் போட்டுவிட்டு, ராத்திரி ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன்.

இன்னொன்று. தன்னாட்சி (தானே தேர்வு நடத்தும் உரிமை) இல்லாத கல்லூரி என்றால் தேர்வுப் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. பிரின்சிபால் ரூம் முன்னால் கத்தினால் அவர் என்ன செய்வார், பாவம். மனுவைப் போக வேண்டிய இடத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ரோட்டில் மட்டும் இறங்க வேண்டாம். பஸ்ஸை மறித்தால் போலீஸ் வரும்.

ஆரணிக்காரன்:
சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக் கதை ஞாபகம் இருக்கிறதா? அது இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-லேயே எடுத்துக்கொண்டது. ஆனால் அப்போது அங்கே எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷத்துக்கு 5.44 லட்சம். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய். 2020 டிசம்பரில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், ஐம்பது நாளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2021 ஜனவரி கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, அப்புறம் கட்டணமும் அந்த 13,610-க்கு வந்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்கு. வேலூர்ப் பிள்ளைகளும் பொதுவாக 'இலவசம்' என்று கத்தாமல், எந்த வரியை எடுக்க வேண்டும் என்று கேட்கட்டும்.

ஃபைனல் இயர்:
அங்கிள், அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் அதற்கும் தனியாக ஒரு கட்டணம் இருக்கிறது :)

தறிக்காரர், குடியாத்தம்:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சலானைத் திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். 1,365 ரூபாய். எனக்கு நாலு நாள் கூலி, அதுவும் பாவு (தறியில் ஏற்றிய நூல்) தீர்ந்த பிறகுதான் கைக்கு வரும். கடைசித் தேதி தாண்டினால் அபராதம் என்பதால் இந்தத் தடவை கட்டியாகிவிட்டது.

நேற்று ராத்திரி மகள், போராட்டத்துக்குக் கோரிக்கை எழுத அட்டை கேட்டாள். நூல் வந்த பெட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு பேப்பருக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பெரிதாகப் போடு என்று மட்டும் சொன்னேன்.