புதுப்பிப்பு: வெளுத்துப்போன வான்கோழித் தலை

போன வாரம் புலம்பியிருந்தேனே, மாசசூசெட்ஸில் எங்கள் வீட்டுப் பின்னால் மேயும் காட்டு வான்கோழியைப் படமெடுத்தால் தலை மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கிறது என்று. கோளாறு என் மீட்டரிங்கில்தான், அதாவது கேமராவை வெளிச்சம் அளக்க வைத்த விதத்தில். அளக்கும் புள்ளியை (ஸ்பாட்) அதன் கருத்த நெஞ்சில் வைத்திருந்தேன். கேமரா அந்தக் கருப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறது. ஆண் வான்கோழி தோகை விரித்து ஆடும்போது உச்சந்தலை வேறு வெள்ளையாகிவிடுமா, கேட்கவே வேண்டாம்.

இன்று காலை மைனஸ் 1 ஸ்டாப் (வெளிச்சம் பாதியாக), ரா ஃபைல் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு). திரையில் பறவை கரிக்கட்டையாகத் தெரிந்தது, பயந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கியதும் இறகில் செம்பும் பச்சையும் மினுங்கின. நீல முகத்துச் சுருக்கம்கூட எண்ணலாம்.

கிராப்பில் இன்னும் சறுக்கல்தான். நெருக்கமாக வெட்டினால் தோகையின் ஓரம் போகிறது. முழுத் தோகையையும் வைத்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியும் சேர்ந்து வருகிறது. கடைசியில் தோகையை விட்டுவிட்டு, அலகுக்கு முன்னால் இடம் விட்டு, நெஞ்சில் தொங்கும் தாடிவரை மட்டும் வெட்டினேன். அதுதான் தேறியது.

1851-க்குப் பிறகு இந்த மாநிலத்தில் இவை அடியோடு இல்லாமல் போயிருந்தன. 1972-73-ல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்களாம். இன்று என் காரை மறித்து நிற்கின்றன.