ஏஎஸ்400-இல் எம்கியூ ரிசீவர் சேனல்: ஸ்டார்ட் கொடுத்தும் இனாக்டிவ்வாகவே நிற்கிறது

கியூவில்நிற்பவன்:

வணக்கம். நான் ஜாவா ஆள். எங்கள் டீமில் ஏஎஸ்400 (ஐபிஎம்மின் வணிகக் கணினி, இப்போதைய பெயர் ஐபிஎம் ஐ) பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்தப் பொறுப்பு இப்போது என் தலையில். வாடிக்கையாளர் ஜெர்மனியில் இருக்கிறார். பெட்டியும் அங்கேதான், நாங்கள் பெங்களூரிலிருந்து பச்சைத் திரையில் (எழுத்து மட்டுமே காட்டும் டெர்மினல்) நுழைகிறோம்.

எம்கியூ (மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கணினிகளுக்கிடையே கடத்தும் ஐபிஎம் மென்பொருள்) வழியாக, லினக்ஸ் கியூ மேனேஜரிலிருந்து (அந்த வரிசைகளை நிர்வகிப்பது) ஆர்டர் மெசேஜ்கள் இந்த ஐபிஎம் ஐ பெட்டிக்கு வர வேண்டும். அனுப்பும் முனையான சென்டர் சேனலை லினக்ஸ் பக்கத்தவர்கள் எம்கியூ எக்ஸ்ப்ளோரர் என்ற நிர்வாகக் கருவியில் செய்துவிட்டார்கள், பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. அதே பெயரைத் தட்டி, ரிசீவர் (பெறும் முனை) டைப், டிசிபி என்று கொடுத்து இங்கே சேனலை உருவாக்கினேன். ஸ்டார்ட் கொடுத்தால் பிழை எதுவும் இல்லை, ஆனால் இனாக்டிவ் என்றே காட்டுகிறது. அந்தப் பக்கம் ரீட்ரையிங், லாகில் ஏஎம்கியூ9202 (எதிர்ப்பக்கக் கணினி கிடைக்கவில்லை என்ற பிழை). எதிர்ப்பக்க ஐபி முகவரியைக் கொடுக்க ரிசீவரில் இடமே இல்லையே, எங்கே கொடுப்பது?

பச்சைத்திரை:

கொடுக்க வேண்டாம் தம்பி, அதனால்தான் இடம் இல்லை. ரிசீவர் யாரையும் கூப்பிடாது, கூப்பிட்டால் எடுக்கும். முகவரியும் போர்ட்டும் சென்டரின் கனெக்ஷன் நேமில் இருந்தால் போதும். அதுவரை இனாக்டிவ் என்று காட்டுவது இயல்பு. ரிசீவரில் ஸ்டார்ட் கொடுப்பதற்கு ஒரே அர்த்தம்தான்: யாராவது அதை நிறுத்தி ஸ்டாப்டு நிலையில் விட்டிருந்தால், மறுபடி அழைப்பை ஏற்க அனுமதிப்பது.

9202 என்றால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. வொர்க் ஆக்டிவ் ஜாப் போட்டு எம்கியூ ஜாப்கள் ஓடும் கியூஎம்கியூஎம் சப்சிஸ்டத்தைப் பார். ரன்எம்கியூஎல்எஸ்ஆர் என்ற ஜாப் இருக்கிறதா? அதுதான் லிசனர். இல்லையென்றால் கியூ மேனேஜர் ஓடுகிறதே தவிர வாசலில் யாரும் நிற்கவில்லை. இருந்தால், எந்தப் போர்ட்டில் என்று நெட்ஸ்டாட்டில் பார். ஒரே பார்ட்டிஷனில் டெஸ்டுக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு ஒன்று என்று இரண்டு கியூ மேனேஜர் வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் 1414 கொடுத்தால் முதலில் எழுந்தவருக்குத்தான் போர்ட்.

லிசனரைக் கையால் ஸ்டார்ட் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடாதே. அடுத்த ஐபிஎல் (பெட்டியை மறுபடி பூட் செய்வது) ஆனதும் காணாமல் போகும், அது ஞாயிறு இரவாகத்தான் இருக்கும். லிசனர் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, கண்ட்ரோல் என்ற இடத்தில் கியூ மேனேஜர் என்று கொடு. கியூ மேனேஜர் எழும்போது கூடவே எழும்.

லிசனர் வந்ததும் சென்டர் லாகில் 9520 வரும், எதிர்ப்பக்கம் அந்தச் சேனலே இல்லை என்று. எக்ஸ்ப்ளோரர் நீ தட்டிய எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். சிஎல் (இந்தப் பெட்டியின் கட்டளை மொழி) கமாண்ட், ஒற்றை மேற்கோள் குறி இல்லாவிட்டால், எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும். எம்கியூவுக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு பெயர். வொர்க் வித் சேனல்ஸ் திரையில் உன் சேனல் எப்படித் தெரிகிறது என்று பார். நான் லினக்ஸ்காரர்களிடம் சொல்லி அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்துக்கு மாற்றச் சொல்வேன். இந்தப் பெட்டியில் காலத்துக்கும் மேற்கோள் குறி போட்டுக்கொண்டிருப்பவர் பாவம்.

அப்புறம், கியூ மேனேஜருக்கு டெட் லெட்டர் கியூ (சேர்க்க முடியாத மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் இடம்) கொடுத்திருக்கிறதா? அந்தப் பெயரில் ஒரு கியூ தானாகவே உருவாகியிருக்கும், ஆனால் கியூ மேனேஜரில் அதை எழுதாதவரை பயன்படாது. ஆர்டர் கியூ நிறைந்தால் (இயல்பு வரம்பு 5000 மெசேஜ்) ரிசீவர் சில முறை மறுபடி முயலும். வைக்க இடமே கிடைக்காவிட்டால், பெர்சிஸ்டென்ட் (வட்டில் பதிந்து காக்கப்படும்) மெசேஜ் என்றால் சேனல் நின்றுவிடும். பெர்சிஸ்டென்ட் இல்லாதது, சேனலும் ஃபாஸ்ட் வேகத்தில் என்றால், சத்தமில்லாமல் போய்விடும். ஆர்டர் எதில் வருகிறது என்று கேட்டுக்கொள்.

கியூவில்நிற்பவன்:

அக்கா, லிசனரே இல்லை. ஏற்றியதும் நீங்கள் சொன்ன அதே 9520. பெயரை மாற்றினார்கள், சேனல் ரன்னிங். டெட் லெட்டர் கியூவும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஆர்பிஜி (இந்தப் பெட்டியின் புரோகிராம் மொழி) புரோகிராம் படிப்பது கிறுக்கலாக இருக்கிறது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ குறிகள், எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக. இந்தப் பெட்டியின் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியாக்க எண்) 273.

லினக்ஸ்காரன்:

சென்டர் சேனலில் கன்வர்ட் (குறியாக்கத்தை மாற்றுவது) யெஸ் போடுங்கள், முடிந்தது.

பச்சைத்திரை:

முடியாது. ஹெக்ஸில் பார்த்தால் தெரியும்: எண்கள் 30 முதல் 39 வரை இருந்தால் அது ஆஸ்கி வழி யூடிஎஃப்-8, ஒன்றும் மாறாமல் வந்திருக்கிறது. இந்தப் பெட்டியின் குறியாக்கமான எப்சிடிக்கில் அவை எஃப்0 முதல் எஃப்9 வரை இருக்க வேண்டும். வெற்றிடம் 20, இங்கே 40.

எம்கியூவில் வழக்கம், எடுப்பவர் மாற்றிக்கொள்வது. சென்டரில் யெஸ் போட்டால் அந்த வழியாகப் போகும் எல்லாம் மாறும், பைனரியும் அந்த வழியே போனால் தலைவலி. தவிர, மெசேஜின் ஃபார்மட் காலியாக இருந்தால் எந்தப் பக்கமும் மாற்ற முடியாது, உள்ளே எழுத்துதான் இருக்கிறது என்று எம்கியூவுக்கு யார் சொல்வது? ஜாவாக்காரர்கள் பைட்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஃபார்மட் காலிதான். டெக்ஸ்ட் மெசேஜ் அனுப்பச் சொல், டெஸ்டினேஷனில் டார்கெட் கிளையன்டை எம்கியூ என்று வைக்கச் சொல். இல்லாவிட்டால் ஆர்எஃப்ஹெச்2 என்ற தலைப்பு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்து, உன் ஆர்பிஜி அதை ஆர்டர் எண் என்று படிக்கும்.

பிறகு ஆர்பிஜியில் கெட் (மெசேஜை எடுக்கும் அழைப்பு) ஆப்ஷன்களில் கன்வர்ட்டைச் சேர். இன்னொரு இடம் பலர் தவறவிடுவது: ஒவ்வொரு கெட்டுக்கும் முன்னால் மெசேஜ் டிஸ்க்ரிப்டரில் (மெசேஜின் விவரங்களைத் தாங்கும் பகுதி) சிசிஎஸ்ஐடியையும் என்கோடிங்கையும் இயல்பு மதிப்புக்குத் திருப்பி வை. கெட் முடிந்ததும் அந்த இரண்டிலும் வந்த மெசேஜின் மதிப்பை எம்கியூ எழுதிவிடும். லூப்பில் அப்படியே விட்டால், மாறாத ஒரு மெசேஜ் 1208 (யூடிஎஃப்-8) என்று எழுதிவிட்டுப் போகும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1208-க்கே மாற்றப்படும். ஒன்று கெட்டதும் வரிசையே கெட்டது போலத் தெரியும், சேனலைக் குறை சொல்வார்கள்.

கியூவில்நிற்பவன்:

பைட்ஸ் மெசேஜ்தான். மாற்றியதும் ஆர்டர் எண் தெளிவாக வந்துவிட்டது, லூப்பையும் திருத்தினேன். கடைசியாக ஒன்று: டெஸ்ட் கியூ மேனேஜரை இன்று அழித்துத் திரும்ப உருவாக்கினோம், இப்போது சீக்வென்ஸ் எண் பிழை, ஏஎம்கியூ9526.

பச்சைத்திரை:

புதிய ரிசீவர் 1-ஐ எதிர்பார்க்கிறது, சென்டர் பழைய கணக்கிலேயே இருக்கிறது. ரீசெட்டைச் சென்டர் பக்கம் கொடுக்கச் சொல், அடுத்த தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் முதலில் சேனல் இன்-டவுட்டா (அனுப்பிய பேட்ச் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத நிலை) என்று பார்க்கட்டும். இருந்தால் ரிசால்வ் செய்த பிறகே ரீசெட், இல்லாவிட்டால் அந்த பேட்சில் இருக்கும் ஆர்டர்கள் இரட்டிக்கும் அல்லது தொலையும்.