சாக்கெட் ரெண்டும் 1155தான், ஐ5-3470 எச்61 போர்டுல ஓடுமா?

குடியாத்தம்_தம்பி:
வணக்கம். தங்கச்சி பி.காம் சேர்ந்திருக்கா. வீட்ல சும்மா கிடக்கிற சிஸ்டத்தையே தேத்திக் குடுக்கலாம்னு இருக்கேன். எச்61 மதர்போர்டு, அதுல இப்போ பென்டியம் ஜி620 ப்ராசஸர் இருக்கு. ஃப்ரெண்ட் ஒருத்தர் ஐ5-3470 ப்ராசஸர் தர்றார். நேரா மாட்டிடலாமா?

ஆரணி_ரோடு:
ப்ராசஸர் உட்கார்ற சாக்கெட் ஒண்ணுதானே, தாராளமா ஓடும். கூலருக்கு அடியில தடவுற பேஸ்ட் மட்டும் புதுசா போடுங்க.

காட்பாடி_சர்வீஸ்:
தம்பி, ஜி620-ஐ இப்போ கழட்டாதீங்க. அது 2011ல வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. 3470 அடுத்த வருஷம் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறை. பயாஸ், அதாவது சிஸ்டத்தைக் கிளப்பிவிட போர்டுலயே இருக்கிற சாஃப்ட்வேர், பழசா இருந்தா புது ப்ராசஸரை அதுக்கு அடையாளமே தெரியாது. ஃபேன் சுத்தும், டிஸ்ப்ளே வராது. போர்டு செத்துப்போச்சுன்னு நினைச்சு, நல்ல போர்டையே பழைய இரும்புக்குப் போட்டவங்க இருக்காங்க. வயிறு எரியுது.

சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல மெயின்போர்டு பக்கம் பாருங்க: மாடல், சிப்செட் (போர்டோட முக்கிய சிப்), பயாஸ் தேதி மூணும் இருக்கும். போர்டு மேல அச்சடிச்ச ரிவிஷன் நம்பரையும் குறிச்சுக்குங்க. அதே மாடல்ல ரிவிஷன் மாறினா பயாஸும் மாறலாம். கம்பெனி தளத்துல அந்த மாடலோட சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல 3470 இருக்கான்னு தேடுங்க, எந்தப் பயாஸ் பதிப்புலேர்ந்துன்னு பக்கத்துலயே போட்டிருக்கும்.

ஆபீஸ்ல கழிச்ச பிராண்டட் சிஸ்டமா? சிப்செட் க்யூ65, க்யூ67, பி65னு காட்டினா ஐவி பிரிட்ஜை மறந்துடுங்க. ஐ5-2400 தேடுங்க, அது சாண்டி பிரிட்ஜ்தான்.

குடியாத்தம்_தம்பி:
அண்ணா, அசெம்பிள் பண்ணதுதான். எச்61னே காட்டுது. பயாஸ் தேதி 2011. லிஸ்ட்ல 3470 இருக்கு, ஆனா அதுக்கப்புறம் வந்த பயாஸ் வேணுமாம்.

காட்பாடி_சர்வீஸ்:
அப்போ வழி இருக்கு. ஜி620 மாட்டியபடியே அப்டேட் பண்ணுங்க. சில போர்டுல நடுவுல ஒரு பதிப்பைப் போட்டுட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும், டவுன்லோட் பக்கத்துல இருக்கிற குறிப்பை முழுசா படிங்க. யுபிஎஸ் இல்லாம தொடாதீங்க. பாதியில கரண்ட் போனா போர்டு எழுந்திரிக்காது.

மாத்தும்போது சாக்கெட் பின்னு மேல விரல் படக்கூடாது. ஜி620 65 வாட்ஸ், 3470 77 வாட்ஸ், சூடு கூடும். நம்ம மே மாச வெயிலுக்கு ஃப்ரெண்டுகிட்ட அந்த ஐ5 கூலரையும் கேட்டு வாங்கிடுங்க.

ஆரணி_ரோடு:
பயாஸ் விஷயம் எனக்குத் தெரியாதுண்ணா. தம்பி, அவர் சொன்னபடியே செய்யுங்க.

குடியாத்தம்_தம்பி:
கூலர் தர்றேன்னுட்டார். யுபிஎஸ் சித்தப்பா வீட்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வந்து பண்றேன்.