மண் அணையின் வெளிச்சரிவில் குழாயை ஒட்டிக் கசிவு: அடைக்கலாமா, நீரை இறக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான சிறு பாசன அணை ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. அது முழுக்க மண்ணால் கட்டிய கரை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 7 மீட்டர் உயரம். கட்டியபோது வரைந்த படங்கள் எவையும் கிடைக்கவில்லை. கரையின் அடியில் குறுக்காக ஓர் இரும்புக் குழாய் செல்கிறது. அதைத் திறந்து மூடும் வால்வு வெளிப்பக்க முனையில் இருக்கிறது.

அணை நிரம்பியதிலிருந்து, குழாய் வெளியே வரும் இடத்துக்குச் சற்று மேலே சரிவு எப்போதும் ஈரமாக இருக்கிறது. சுற்றிலும் புல் காய்ந்திருக்க, அந்த இடத்தில் மட்டும் பச்சையாக அடர்ந்து நிற்கிறது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மெல்லிய நீரோட்டமும் வருகிறது. வால்வை இறுக மூடினாலும் அது நிற்பதில்லை. அதே சரிவில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. ஈரமான இடத்தில் களிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் பூசிவிடலாம் என்றும், மரத்தை வேரோடு எடுத்துவிடலாம் என்றும் அருகில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். கரைக்குக் கீழே வாய்க்காலை ஒட்டி வீடுகள் இருப்பதால், எதையும் செய்யும் முன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்க விரும்புகிறேன்.

முதல் மறுமொழி (மண் கட்டுமானப் பொறியாளர்)

இரண்டையுமே இப்போது செய்யாதீர்கள். மண் கரையில் கசிவு இருப்பது மட்டுமே ஆபத்து ஆகாது. எல்லா மண் அணைகளிலும் ஓரளவு நீர் கசியத்தான் செய்யும். அந்த நீர் தன்னோடு மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறதா என்பதே கேள்வி. மண் வெளியேறத் தொடங்கினால் கரைக்குள் நூல் அளவு வழி ஒன்று உருவாகி, வெளிப்பக்கத்திலிருந்து நீர்ப்பக்கத்தை நோக்கிப் படிப்படியாகப் பின்னோக்கி வளரும். இந்த உள்ளரிப்பும், நீர் கரைக்கு மேலேறி வழிவதும் சேர்ந்தே உலகெங்கும் மண் அணைகள் உடைந்ததில் மிகப் பெரும்பங்குக்குக் காரணமாக இருந்திருக்கின்றன. உள்ளரிப்பு நிகழ்ந்த அணைகளில் கணிசமானவற்றில் அது குழாயை ஒட்டித்தான் தொடங்கியது. குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணை இறுக்குவது கடினம் என்பதால், கட்டும்போதே அங்கே தளர்ந்த வழி ஒன்று தங்கிவிடுகிறது.

வெளிப்பக்கத்தைக் கான்கிரீட்டால் அடைத்தால் நீர் நின்றுவிடாது. உள்ளே அழுத்தம் ஏறி, சரிவு முழுவதும் ஊறி இளகும். அல்லது நீர் நீங்கள் பார்க்க முடியாத வேறோர் இடத்தில் வெளிவரும். வெளிப்பக்கத்தில் நீருக்கு வழிவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டிதான் தேவை: முதலில் மணல், அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் கற்கள்.

வால்வு வெளிமுனையில் இருப்பது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அப்படி அமைந்த குழாய், வால்வு மூடியிருக்கும்போதுதான் அணையின் முழு நீரழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். துருப்பிடித்து ஓர் ஓட்டை விழுந்தால், அழுத்தத்தோடு கூடிய நீர் நேராகக் கரையின் வயிற்றுக்குள் பாயும். வால்வைத் திறந்து வைத்தால் கசிவு குறைகிறதா என்று பாருங்கள்; குறைந்தால் நீர் குழாயிலிருந்தே வருகிறது என்று பெரும்பாலும் கருதலாம்.

கசியும் நீரை ஒரே இடத்தில் திரட்டி, ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாள்தோறும் குறியுங்கள். அணையின் நீர்மட்டத்தையும், மழை பெய்ததா என்பதையும் உடன் எழுதுங்கள். நீர்மட்டம் மாறாதபோதும் கசிவு கூடிக்கொண்டே போனால் அது கெட்ட அறிகுறி. கண்ணாடிக் குடுவையில் நீரைப் பிடித்து அசையாமல் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்றும் பாருங்கள். ஓடும்போது தெளிவாகத் தோன்றும் நீரிலும் மண் இருக்கக்கூடும்.

இரண்டாம் மறுமொழி (இதேபோன்ற அணை ஒன்றின் உரிமையாளர்)

மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அணை நிரம்பியிருக்கும்போது அதை வேரோடு பெயர்த்தால், கரையின் நடுவே ஒரு பள்ளத்தை நீங்களே தோண்டியதாகிவிடும். தண்டை மட்டும் வெட்டி அப்படியே விட்டால், வேர்கள் சில ஆண்டுகளில் மக்கி நீர் புகும் துளைகளாக மாறும். நீரை இறக்கிய பிறகு அடிமரத்தையும் பெரிய வேர்களையும் எடுத்து, பொருத்தமான மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இறுக்கி நிரப்புவதே முறை.

மேலும், உங்கள் கலிங்கு, அதாவது அணை நிரம்பியதும் மிகைநீர் வழிந்தோடும் வழி, எந்த நிலையில் இருக்கிறது? அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கூடுதலாக நீரைத் தேக்குவதற்காகக் கலிங்கின் மேல் மணல் மூட்டையோ பலகையோ வைக்கும் பழக்கம் தனியார் அணைகளில் மிகுதி.

கேட்டவர்

கலிங்கின் மேல் செங்கல் சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருக்கிறது. அதன் உச்சிக்கும் கரையின் உச்சிக்கும் இடையே அரை மீட்டருக்கும் குறைவாகவே இருக்கிறது. குடுவையின் அடியில் மெல்லிய மஞ்சள் வண்டல் படிந்தது. வால்வைத் திறந்தபோது கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நீர்மட்டம் மாறாமலே வாளி முன்பைவிட விரைவாக நிரம்புகிறது.

பொறியாளர்

அப்படியானால் காத்திருக்க வேண்டாம். வண்டலும் கூடிவரும் கசிவும் சேர்ந்தால் கரை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்றே கொள்ள வேண்டும். உங்கள் பகுதியில் அணைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், கீழே வசிப்பவர்களுக்கும் இன்றே தெரிவியுங்கள். பயம் கிளப்புவதாக யாரும் நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கென்யாவின் சோலாய் பகுதியில் தனியார் பண்ணைக்குச் சொந்தமான பாசன அணை இரவில் உடைந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அமெரிக்காவின் டீட்டன் அணை உங்களுடையதைவிடப் பன்மடங்கு பெரியது. 1976 ஜூன் 5 அன்று காலையில் அங்கே கலங்கிய கசிவு காணப்பட்டது, நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. உள்ளரிப்பு முற்றிய பிறகு மனிதருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

நீரை இறக்குங்கள். அவசரம் இல்லாத நிலையில் சிறு மண் அணைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் என்பது பலரும் கைக்கொள்ளும் வேகம். அதைவிட விரைவாக இறக்கினால், நீர் ஊறிய உட்சரிவு தன்னைத் தாங்கிநின்ற நீரை இழந்து சரியக்கூடும். ஆனால் கசிவு கலங்கத் தொடங்கினால் அந்த வரம்பைவிட ஆட்களின் உயிரே முக்கியம். பழுதான குழாயின் வழியாக நீரை வேகமாக விடுவதும் ஆபத்துதான். இயன்றவரை பம்பு வைத்தோ, கரைக்கு மேலே சைஃபன் குழாய் அமைத்தோ இறக்குங்கள். எக்காரணம் கொண்டும் கரையின் உச்சியை வெட்டி நீரை விடாதீர்கள். வெட்டிய இடம் அகன்று கரையையே கொண்டுபோய்விடும். கலிங்கின் மேலுள்ள சுவரை, நீர்மட்டம் அதன் அடிக்குக் கீழே இறங்கிய பிறகு அகற்றுங்கள். இரவில் யாரும் தனியாகக் கரையின் அடிவாரத்துக்குப் போக வேண்டாம். நீர்ப்பரப்பில் சுழல் தெரிந்தாலோ, சரிவில் குழி விழுந்தாலோ எல்லோரையும் வெளியேற்றுவது மட்டுமே வேலை.

கேட்டவர்

அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். நீர் இப்போது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, கசிவு நின்றுவிட்டது. குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்த்ததில், கரையின் நடுப்பகுதியில் துருவேறி விழுந்த ஓட்டைகள் தெரிந்தன. கரையிலிருந்து எடுத்த மண்கட்டி ஒன்றை, அவர்கள் சொன்னபடி, காய்ந்த நிலையில் தூய நீரில் போட்டபோது சுற்றிலும் பால் போலக் கலங்கியது. இது எதைக் காட்டுகிறது? குழாய்க்குள் புதிய குழாயைச் செருகினால் போதுமா?

பொறியாளர்

அசைக்காமலே நீரில் தானாகக் கலங்கும் களிமண், மெல்லிய கசிவிலும் எளிதில் அரிக்கப்படும் இயல்புடையது. அதனால் வடிகட்டி இல்லாமல் அந்தக் கரையை நம்பக் கூடாது. புதிய குழாயைச் செருகி இடைவெளியில் சிமெண்ட் கலவையைச் செலுத்தினால் உள்ளிருந்து வரும் கசிவு நிற்கும். ஆனால் பழைய குழாய்க்கு வெளியே ஏற்கெனவே உண்டான வெற்றிடங்கள் அப்படியே இருக்கும். ஆகவே வெளிப்பக்க மூன்றில் ஒரு பகுதியில் குழாயைச் சுற்றிலும் மணல் வடிகட்டி அமைத்து, அதில் சேரும் நீருக்கு வடிகால் விட வேண்டும். முன்பு குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் போடுவார்கள். அவற்றின் ஓரங்களில் மண்ணை இறுக்க முடியாததால் இப்போது மணல் வடிகட்டியையே பரிந்துரைக்கிறோம். வால்வை அல்லது அடைப்பு மதகை நீர்ப்பக்க முனைக்கு மாற்றுங்கள். இவற்றின் வடிவமைப்பை நேரில் பார்த்த பொறியாளரிடமே கேட்டுப் பெறுங்கள்.

மீண்டும் நிரப்பும்போது ஒரே மூச்சில் நிரப்பாமல், ஒவ்வொரு மட்டத்திலும் சில நாட்கள் நிறுத்தி, வாளி அளவையும் குடுவையையும் பார்த்த பிறகே அடுத்த மட்டத்துக்குப் போங்கள். கலிங்கின் பழைய மட்டத்துக்கு மேலே இனி நீரைத் தேக்க வேண்டாம்.

கேட்டவர்

நன்றி, ஐயா. வடிகட்டிக்கான வரைபடம் கைக்கு வரும்வரை நீரை இப்போதைய மட்டத்துக்கு மேலே ஏறவிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்; மழைநீர் வந்தால் உடனே வெளியேற்றுவதற்காகப் பம்புகளைக் கரையிலேயே வைத்திருக்கிறோம்.