மெசின் அண்ணை

அன்பான ஊர்ச் சனங்களுக்கு,

போன கிழமை வந்த மரண அறிவித்தலிலை முழுப்பேரைப் பாத்து ஆர் எண்டு விளங்காமல் ஒண்டிரண்டு பேர் எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டவை. தோட்டத்து இறைப்பு மெசினுகளைத் திருத்தின எங்கடை மெசின் அண்ணைதான். சொன்ன உடனை அவரவர் வீட்டு இறைப்பு மெசின் கதை துவங்கிட்டுது. அதாலைதான் நானும் கொஞ்சம் எழுதுவம் எண்டு இருந்தனான்.

யாழ்ப்பாணத்திலை எங்கடை பக்கம் ஆறில்லை. செம்பாட்டு மண், கீழை சுண்ணக்கல், கிணறு, அவ்வளவுதான். வெங்காயம் நட்டால் மூண்டு நாலு நாளுக்கொருக்கா இறைக்க வேணும். கிணத்திலை தண்ணி இறைக்கிற துலாவை (ஏற்றத்தை) விட்டுட்டு மெசினுக்கு மாறின தோட்டக்காரருக்கு, மெசின் நிண்டால் சீவியமும் நிண்டமாதிரித்தான்.

1990 ஆனியிலை திரும்பச் சண்டை துவங்கிக் கரண்டும் போய், பொருளாதாரத் தடையும் வந்த காலத்திலைதான் அண்ணையின்ரை கைவண்ணம் ஊருக்கு முழுசாய் விளங்கினது. மெசின் மண்ணெண்ணெயிலை ஓடும், ஆனால் குளிர்ந்து கிடக்கிற மெசின் மண்ணெண்ணெயிலை பத்தி ஓடத் துவங்காது. முதல் பெற்றோல் குடுத்துச் சூடாக்கித்தான் மாத்த வேணும். பெற்றோலுக்கு எங்கை போறது? அண்ணை ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, கண்ணுக்கு மருந்து விடுற சின்னப் போத்தலாலை ரெண்டு துளி பெற்றோல் விட்டு, பிளக்கைத் திருப்பிப் பூட்டி, கயிறைச் சுத்தி ஒரு இழுவை. பத்தினால், காபரேட்டர் வாயைக் கையாலை பொத்தியும் விட்டும், சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மண்ணெண்ணெய்க்குக் கொண்டு வருவார்.

அப்பிடி ஓட்டினால் எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்கை இறங்கும். ஒயில் இளகினால் பெயறிங் தேஞ்சு போகும். அதாலை எந்த வளவுக்குப் போனாலும் முதல் வேலை, ஒயிலை ரெண்டு விரலுக்கு நடுவிலை உரசி மணந்து பாக்கிறது. ஒருக்கா எங்கடை ஐயாவை நிமிந்து பாத்து, "இது ஒயிலோ ரசமோ?" எண்டு கேட்டார். ஐயா மறுமொழி சொல்லேல்லை.

பாதிப் பிழை மெசினிலை இல்லை எண்டதுதான் அவற்றை கணக்கு. உறிஞ்சுற குழாயின்ரை மூட்டிலை காத்து இழுக்கும், இல்லாட்டிக் கிணத்துக்கை குழாயின்ரை அடியிலை கிடக்கிற புட்வால்விலை தோல் தேஞ்சிருக்கும். மூட்டிலை களிமண்ணை அப்பிப் பாப்பார். பழைய செருப்புத் தோலை வட்டமாய் வெட்டி வால்வுக்குப் போடுவார். கூலி வெங்காயம் வித்த பிறகு. வாய் திறந்து காசு கேக்க மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார்.

நல்ல மனிசன் எண்டு மட்டும் எழுதினால் அவரோடை பழகின ஆக்கள் சிரிப்பினம். சரியான வாய். தாங்களே கழட்டிப் பாத்துட்டு மிஞ்சின நட்டுகளைச் சிரட்டையிலை போட்டுக்கொண்டு போற ஆக்களுக்குக் கிடைச்ச ஏச்சை இதிலை எழுதேலாது. தவணை சொல்லி அலைக்கழிக்கவும் செய்வார். ஆனால் பயிர் வாடுது எண்டு சொன்னால் ராவிலையும் வருவார்.

அவற்றை மனிசி அக்காவுக்கு முன்னாலை மட்டும் அந்த வாய் எடுபடாது. மத்தியானம் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு உரஞ்சினாலும் நகக்கண்ணிலை கறுப்புப் போகாது. அக்கா சோத்தைக் குழைச்சு உருட்டிப் பூவரசம் இலையிலை வைப்பா. மூண்டு பெட்டையளும் அவரும் வரிசையாய்க் குந்தியிருந்து சாப்பிடுவினம். நடுவிலாள் சின்னனிலையே பிளக் இடைவெளி சரிபாப்பாள். "பொம்பிளைப் பிள்ளையின்ரை கையிலை கிறீஸோ?" எண்டு படலையடியிலை நிண்டு கேட்ட ஆளுக்கு அண்ணை பதில் சொல்லேல்லை. "பிள்ளை, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடு" எண்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எங்கடை வலிகாமப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, மழைக்கை நாவற்குழிப் பக்கம் நகரேலாமல் நிண்ட சனத்துக்கை அவையும் நிண்டவை. சைக்கிள் கரியரிலை சாமான் பெட்டி. உடுப்புப் பை மூத்தவளின்ரை தலையிலை. அக்கா வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தா. இடம்பெயர்ந்து போன தென்மராட்சியிலை அந்தப் பெட்டிதான் அவைக்குச் சோறு போட்டது. சைக்கிள், அடுப்பு, விளக்கு, கிடைச்சதெல்லாம் திருத்தினார். 1996இலை ஊர் திரும்ப, கொட்டிலுகளிலை கன மெசினைக் காணேல்லை. கிடந்த மிச்சங்களைச் சேத்து, மூண்டு மெசினிலை ஒண்டு எண்டு ஓட வைச்சார்.

2002இலை யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்து எண்ணெய் வந்தது, பிறகு கரண்டு மோட்டர் பெருகினது. அந்த வயசிலை மோட்டருக்குக் கம்பிக் கொயில் சுத்தப் பழகினார். எண்டாலும் மோட்டரை அவருக்குப் பிடிக்கேல்லை. "மெசின் எண்டால் தன்ரை வருத்தத்தைச் சத்தம் போட்டுச் சொல்லும். இது பேசாமல் கிடந்து எரிஞ்சு போகும்" எண்டுவார். இப்ப கடை நடுவிலாளின்ரை கையிலை.

அந்தியேட்டிக் கிரியை கீரிமலையிலை. ஊர்ச் சங்கத்தாலை நினைவுக்கல்லு வைப்பம் எண்டு ஒரு கதை அடிபடுது. குடும்பத்துக்கு விருப்பமில்லை, எனக்கும் அது சரியாய்ப் படேல்லை. நடுவிலாள் கேட்டது ஒண்டுதான்: உங்கடை பழைய வளவுகளிலை மண்ணெண்ணெய் மெசின் ஏதும் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதேங்கோ, அவள் வந்து பாப்பாள். ஏத்தி இறக்கிற செலவு என்ரை பொறுப்பு.

மேற்கு வளவுப் பெடியன்,
ஸ்காபுரோ, கனடா